வீடும் விடுதலும்

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நாம் உண்டு உறங்கும் மனைக்கும் வீடு என்று பெயர். பற்றெல்லாம் அற்ற நிலைக்கும் வீடு என்றே பெயர். விடுதல் என்னும் வினையின் வழியே பிறந்தது இச்சொல் என்பர் இலக்கணம் வல்லார். பகலெல்லாம் சுமந்த பாரத்தை விட்டு இளைப்பாறும் இடம் ஒன்று; பிறவியெல்லாம் சுமந்த ஆசையை விட்டு அமைதியுறும் நிலை மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய தமிழர், வீடு என்பது எதையேனும் விடுவதற்குரிய இடம் என்று கருதினர் போலும். ஆனால் இந்நாளில் பெங்களூர் போன்ற பெருநகரங்களில் அச்சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று வந்து சேர்ந்துள்ளது. அது 'முதலீடு' என்பது. வீடு எதையும் விடுவதற்கன்று, மேன்மேலும் பற்றுவதற்கே என்னும் பொருள் அது. இப்பொருளைப் பற்றிச் சிறிது ஆராய்வதே நம் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயினர் நம் அன்பர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும். அன்பரின் பாட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நிலத்தின் அடியில் இரண்டு மைல் ஆழம் வரை சென்ற அச்சுரங்கங்களில் தங்கம் தோண்டியவர், தகரக் கூரையும் தட்டிச் சுவரும் கொண்ட லைன் வீட்டில் வாழ்ந்து மறைந்தார். தந்தையார் அங்கிருந்து நாள்தோறும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனார். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபின் குடும்பம் நகருக்கே குடிபெயர்ந்தது. பேரன் கணினிக் கம்பெனி ஒன்றில் நல்ல பதவியில் இருக்கின்றார். மனைவியார் ஆசிரியை. அல்சூருக்கு அருகே இரண்டு அறைகள் கொண்ட சொந்த வீடு இருக்கின்றது, கடன் தீர்ந்துவிட்டது. கையில் சேமிப்பும் உண்டு. இந்நிலையில் மனைத் தரகர் ஒருவர் வந்து, உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு குடியிருப்பை முன்பதிவு செய்யுமாறு வற்புறுத்துகின்றார். "நீங்கள் குடிபோக வேண்டியதில்லை, பூட்டி வைத்தாலே போதும், ஐந்தாண்டில் விலை இரட்டிக்கும்" என்பது அவர் கூற்று.

கணவரும் மனைவியும் இருவேறு கருத்தினர். கணவர் சொன்னார்: "ஐயா, நம் மக்களுக்கு மண் மறுக்கப்பட்டது. ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்தார்கள். இன்று பணமிருக்கிறது; எந்தத் தெருவிலும் வாங்கலாம். வாங்குவதே ஒரு விடுதலையல்லவா?" மனைவியார் சொன்னார்: "வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை, ஐயா. ஒருவரும் வாழாத வீட்டை வாங்கிப் பூட்டி வைத்து, நாளை ஒருவர் கூடுதலாகக் கொடுப்பார் என்று காத்திருப்பது நம் தம்மத்துக்கு அடுக்குமா என்றுதான் கேட்கிறேன்." இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆதலின் இக்கேள்வி எளிதன்று; ஒரு குடும்பத்தின் கேள்வியும் அன்று. நம்மில் பலர் இன்று எதிர்கொள்ளும் கேள்வி இது.

முதற்கண், செல்வர் இந்நகரில் வீடு வாங்கும்போது விரும்புவன யாவை என்று காண்போம். தூய காற்று, மரநிழல், அமைதி, காவல், தட்டில்லாத தண்ணீர், பணியிடத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அண்மை ஆகியன முதல் வரிசை. நீச்சற்குளம், உடற்பயிற்சிக் கூடம், கிளப், வேலிக்குள் அமைந்த தோட்டம் என்பன அடுத்த வரிசை. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திற்குப் பிறகு, வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கத் தனியறையும், வெளியே காலெடுத்து வைக்காமலே வானத்தைப் பார்க்க அகன்ற மாடமும் வேண்டும் என்னும் விருப்பம் மிகுந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வாய்விட்டுச் சொல்லப்படாத விருப்பம் ஒன்றுண்டு, அது முகவரி. சதாசிவ நகர், கோரமங்கலா, இந்திரா நகர், லாவெல் சாலை என்று தம் விலாசத்தைச் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் தோன்றும் மாறுதலுக்கும் ஒரு விலை உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் டாலரில் பணம் செலுத்தி மனை பெற்றமையால் 'டாலர்ஸ் காலனி' என்றே பெயர்பெற்ற பகுதியும் இந்நகரில் இருக்கின்றது. பணத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று.

அவ்விலை எத்துணை என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2024ஆம் ஆண்டில் கோரமங்கலா மூன்றாம் பிளாக்கில் ஏறத்தாழ 10,000 சதுர அடி கொண்ட சொத்து ஒன்று 67 கோடி ரூபாய்க்கு மேல் கைமாறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டின் இறுதியில், நகரின் நடுவே நிற்கும் 34 மாடிக் கட்டடமாகிய கிங்பிஷர் டவர்ஸில் ஒரு குடியிருப்பு 50 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. கோரமங்கலாவில் ஒரு சதுர அடி மண்ணின் விலை, அத்தெருவில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணொருத்தியின் பல மாத ஊதியத்துக்குச் சமம். இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றி நிற்க ஒரு சதுர அடி வேண்டும். அவள் நிற்கும் இடத்தை அவளே விலைக்கு வாங்க வேண்டுமாயின் பல மாதம் உண்ணாமல் உழைக்க வேண்டும்.

இவ்விருப்பங்கள் புதியன என்று எண்ணிவிடலாகாது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபோது, படையினரோடும் அதிகாரிகளோடும் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் பெருந்தொகையினர். துரைமாருக்குப் பரந்த தோட்டத்தின் நடுவே பங்களாக்கள் எழுந்தன. அத்தோட்டங்களின் பின்புறத்தே சமையற்காரர், குதிரைக்காரர், ஆயாக்கள் ஆகியோருக்குச் சிறு அறைகள் வரிசையாக நின்றன. அன்று பிளாக்பள்ளி என வழங்கிய இன்றைய சிவாஜி நகரில் உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்தனர். 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் நகரைத் தாக்கியது. நெருக்கடியும் அழுக்கும் நிறைந்த பழைய பேட்டையில் மக்கள் மடிந்தனர். அக்காலத்தேதான் மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடும் காற்றோட்டமான மனைகளோடும் புதிய விரிவாக்கங்களாக வளர்ந்தன. ஆக, காற்றும் வெளியும் விலகலும் வேண்டும் என்னும் விருப்பமே அன்றும் இந்நகரை வரைந்தது, இன்றும் வரைகின்றது. யார் விலகினர், யார் நெருக்கத்தில் நின்றனர் என்பதும் அன்றுபோலவே இன்றும் பெரும்பாலும் பிறப்பினாலும் பணத்தினாலும் முடிவாகின்றது.

இனி, வீடும் செல்வமும் பற்றித் தம்மம் கூறுவது யாது? இல்லறத்தார் வறுமையில் கிடப்பதைப் பகவான் புத்தர் ஒருபோதும் புகழ்ந்தாரல்லர். துறவிக்கே உறைவிடத்தின் பயன் குளிரையும் வெயிலையும் காற்றையும் கொசுக்கடியையும் தடுப்பது, தனிமையில் சிந்தையை ஒருமைப்படுத்துவது என்று வரையறுத்தார். இல்லறத்தாருக்கோ அதனினும் கூடுதல் இடம் அளித்தார். அனாதபிண்டிகருக்கு அவர் எடுத்துரைத்த இல்லற இன்பங்கள் நான்கு: நேர்வழியில் ஈட்டிய பொருள் உண்டென்னும் இன்பம், அதனைத் தானும் துய்த்து அறமும் செய்யும் இன்பம், கடன் இல்லையென்னும் இன்பம், குற்றம் இல்லையென்னும் இன்பம். இந்நான்கினுள் குற்றமின்மையே தலையாயது என்றும், மற்ற மூன்றும் அதன் சிறுகூறுக்கும் ஈடாகா என்றும் விளக்கினார். சிகாலருக்குச் செய்த உபதேசத்தில் வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பகுதியைத் துய்க்கவும், இரு பகுதிகளைத் தொழிலில் இடவும், ஒரு பகுதியை இடுக்கண் காலத்துக்குச் சேமிக்கவும் வழிகாட்டினார்.

ஆகவே முதலீடு செய்வதே பாவம் என்று நாம் கூறமாட்டோம். நம் அன்பரின் கூற்றில் பெரியதோர் உண்மை இருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக மண் மறுக்கப்பட்ட மக்களுக்கு ஒரு பத்திரம், ஒரு கதவு, ஒரு பெயர்ப்பலகை என்பவை வெறும் சொத்தல்ல. அவை மனிதர் என்னும் ஒப்புதல். சொந்தமாக ஒன்றும் இல்லாதவனிடம் பற்றறுக்கச் சொல்வது அறமாகாது. இல்லாததை எவன் விடுவான்? நம் மக்களுள் ஒருவர் வீடு வாங்கினாரென்று கேள்விப்படும்போதெல்லாம் நாம் மகிழ்கின்றோம். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் அன்பர்முன் உள்ளது முதல் வீடன்று, இரண்டாவது வீடு, வாழ்வதற்கன்று, விலையேறுவதற்கு. இங்கேதான் அவர் மனைவியாரின் கேள்வி எழுகின்றது. இதற்கு விடை காணப் பிறிதொரு கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த விலை எங்கிருந்து ஏறுகின்றது?

ஒருவர் தம் நிலத்தை உழுது விளைச்சலைப் பெருக்கினால் அந்த விளைவு அவருடையது என்பதில் வழக்கில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் விலை இரட்டிக்கின்றதே, அதற்குரிய உழைப்பு எது? 2011ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி சாலைக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையே மெட்ரோ இரயில் ஓடத்தொடங்கியது. அல்சூரிலும் இந்திரா நகரிலும் நிலையங்கள் அமைந்தன. அது பொதுப்பணம். 2008ஆம் ஆண்டில் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தபின் நகரின் வடபுறத்து வயல்களெல்லாம் மனைகளாயின. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகருக்குக் காவிரி நீரை ஏற்றிக் கொணர்கின்றனர், அதுவும் பொதுப்பணம். சாலை போட்டவர், சாக்கடை தோண்டியவர், குப்பை அள்ளுபவர், பள்ளியிலே பாடம் சொல்பவர், கம்பெனிகளில் இரவெல்லாம் கண்விழித்து உழைப்பவர் ஆகிய இலட்சக்கணக்கானோரின் வாழ்வுதான் அந்த மண்ணின் விலையாகத் திரள்கின்றது. 'இது இருப்பதால் அது உண்டாகின்றது' என்று காட்டும் பிரதீத்ய சமுத்பாதத்தை நாம் தியான மண்டபத்திலே மட்டும் சிந்திக்கின்றோம். ஒரு விற்பனைப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டும் அதனைச் சிந்திக்கலாம். விலை என்பது தனித்துப் பிறந்த பொருளன்று. பலரைச் சார்ந்து பிறந்தது. பலரைச் சார்ந்து பிறந்ததை ஒருவர் 'என்னுடையது' என்று முழுவதும் கைக்கொள்வாராயின், அங்கே 'நான்', 'எனது' என்னும் மயக்கமே கணக்கெழுதுகின்றது.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவது உண்டு: 'செல்வர் வாங்குவதால்தான் கட்டடம் எழுகின்றது; கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சருக்கும் கூலி கிடைக்கின்றது; அவர்கள் வாங்காவிடின் ஏழைக்கு வேலை ஏது?' இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் அம்மாளிகைகளை எழுப்புவோர் அவற்றின் அருகிலேயே தகரக் கொட்டகையில் வாழ்ந்து, கட்டடம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கூலி கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்று சொல்வது சந்தையின் கணக்கு. அவர்கள் எங்கே உறங்குகின்றனர் என்று கேட்பது அறத்தின் கணக்கு. முதற் கணக்கு சரியாக இருப்பதால் இரண்டாவது கணக்கு வேண்டாமென்று ஆகிவிடாது.

கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். நலிந்த பிரிவினருக்காக அங்கே மாநகராட்சியின் குடியிருப்புகள் இருந்தன. கட்டடங்கள் தரமின்றி இடிந்து விழுந்தன. வீடிழந்தோர் அவ்விடத்திலேயே தகரக் கொட்டகைகள் அமைத்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட மக்கள் பலர்; தமிழர் பலர். கோரமங்கலாவின் வீடுகளில் சமைத்தும் பெருக்கியும் பிழைத்த பெண்கள் பலர். ஏறத்தாழ 15 ஏக்கர் கொண்ட அந்நிலத்தில் ஒரு பகுதியைத் தனியார் வணிக வளாகத்துக்கு விட்டு, மறுபகுதியில் ஏழைகளுக்கு வீடு கட்டுவதென்று திட்டம் வகுத்தனர். 2013ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், குளிர் நாட்களில், காவலர் சூழ இயந்திரங்கள் வந்து கொட்டகைகளை இடித்துத் தள்ளின. ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வீதிக்கு வந்தன. பலர் நடைபாதையிலேயே பல நாட்கள் கிடந்தனர். இக்கொடுமையைச் செய்தவர் எந்த ஒரு வீடு வாங்கியவரும் அல்லர். ஆனால் ஒரு பகுதியின் மண் பொன்னுக்கு நிகராகும்போது, அம்மண்மேல் ஏழை நிற்பதே ஒரு 'நட்டம்' என்று எண்ணும் மனம் நகர் முழுவதும் பரவிவிடுகின்றது. ஒவ்வொரு முதலீடும் அம்மனத்துக்குச் சிறிது எண்ணெய் வார்க்கின்றது. அரசன் காவல் செய்தும் இல்லாதார்க்குப் பொருள் வழங்காதொழிந்தமையால் வறுமை பிறந்தது, வறுமையினின்று திருட்டும், திருட்டினின்று கொலையும் பொய்யும் பிறந்தன என்று சக்கவத்தி சீகநாத சூத்திரம் படிப்படியாகக் காட்டுவது எக்காலத்துக்கும் பொருந்தும்.

மதில் எழுப்பித் தப்பிக்கலாம் என்பாருக்கு இந்நகரே விடை கூறியுள்ளது. பெங்களூரின் பழைய ஏரிகள் ஒன்றோடொன்று கால்வாயால் இணைந்தவை. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு நீர் செல்லும். ஏரிப்படுகையும் கால்வாயும் மனைகளாயின. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெள்ளந்தூர் ஏரி கழிவுநீரால் நுரைத்து, 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியது. நீரில் தீப்பற்றியதென்றால் உவமையென்று நினைப்பர்; நாம் கூறுவது செய்தி. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் சர்ஜாபூர் சாலையிலும் யெமலூரிலும் பல கோடி பெறும் தனிவீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கார்கள் மூழ்கின, செல்வர் டிராக்டரிலும் படகிலும் ஏறி வெளியேறினர். 2024ஆம் ஆண்டுக் கோடையிலோ நேர்மாறான துன்பம். மாநகரின் ஏறத்தாழ 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் பாதியளவு வறண்டன. நீச்சற்குளத்தோடு கூடிய குடியிருப்புகள் டாங்கர் லாரிக்குக் காத்து நின்றன. குடிநீரால் கார் கழுவியோருக்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம் அவ்வாண்டு அக்டோபரில்தான் தொடங்கியது. வாயிலில் காவலாளி நின்றார், ஆனால் வெள்ளம் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, வறட்சியும் கேட்கவில்லை. தனித்து வாழ்தல் என்பது விலைக்கு வாங்கக்கூடிய பொருளன்று. ஏனெனில் அப்படியொரு பொருள் உலகத்திலேயே இல்லை.

பௌத்த வரலாற்றில் மிக உயர்ந்த விலைக்கு நடந்த நிலக்கொள்முதல் எது என்று கேட்டால், நம் குழந்தைகளும் விடை கூறுவர். சாவத்தி நகரில் ஜேத இளவரசனின் தோட்டத்தை அனாதபிண்டிகர் வாங்கிய கதை அது. தரை முழுவதும் பொற்காசு பரப்பினாலன்றித் தரேன் என்றான் இளவரசன். வண்டி வண்டியாகப் பொன் கொணர்ந்து பரப்பினார் வணிகர். வாயிலருகே சிறிதிடம் எஞ்சியபோது, இளவரசன் மனம் மாறி அவ்விடத்தைத் தானே கொடையாக அளித்தான் என்பது வரலாறு. அந்நிலத்துக்கு இருந்த சிறப்புகளைக் கவனியுங்கள்: நகருக்கு மிகத் தொலைவுமன்று, மிக அண்மையுமன்று, போய்வர எளிது, பகலில் கூட்டமில்லை, இரவில் ஓசையில்லை. இன்றைய மனை விளம்பரத்தில் காணும் அதே சிறப்புகள்தாம்! ஆகவே அமைதியையும் நிழலையும் விரும்புவதில் குற்றமில்லை. அவற்றுக்குப் பெரும்பொருள் கொடுப்பதிலும் குற்றமில்லை. வேறுபாடு ஒன்றே. அனாதபிண்டிகர் வாங்கியபின் அத்தோட்டத்தின் வாயில் முன்னைவிட அகலத் திறந்தது. அரசனும் தோட்டியும் அங்கே ஒரே தரையில் அமர்ந்து அறங்கேட்டனர். நம் தமிழ்நாட்டு மணிமேகலையும் அரசனிடம் வரமாகக் கேட்டது மாளிகையன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்டாள். ஓரிடத்தின் மதிப்பை அதன் வாயில் யாருக்குத் திறக்கின்றது என்பதால் அளந்தவர் நம் முன்னோர்.

இவற்றையெல்லாம் எண்ணி, அவ்விருவருக்கும் நாம் 'வாங்குக' என்றோ 'வாங்கற்க' என்றோ கூறவில்லை. ஐந்து கேள்விகளை மட்டும் முன்வைத்தோம்.

முதலாவது, கொடுக்கும் பொருளும் கொடுக்கும் முறையும் நேரியவையா? பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாகப் பேசுவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. வழக்கமாயினும் அது பொய்யே. பஞ்சசீலம் ஏற்றவர் பதிவு அலுவலகத்தின் படியேறும்போது நான்காம் சீலத்தைக் கீழே வைத்துவிட்டு ஏறலாகாது.

இரண்டாவது, கடன் எவ்வளவு? இருபது ஆண்டுத் தவணையில் வாங்கும் வீடு, இருபது ஆண்டு நம் நாவையும் கட்டிவிடும். அலுவலகத்தில் அநீதி கண்டும் வாய்திறக்க அஞ்சுவோம். தவணை நினைவுக்கு வரும். கடனின்மை ஓர் இன்பம் என்று பகவான் கூறியதன் ஆழம் தவணை கட்டுபவருக்கே விளங்கும்.

மூன்றாவது, அந்த மண் எது? ஏரியா, கால்வாயா, எவரையேனும் அகற்றிய இடமா? பிறர் துன்பத்தின்மீது இட்ட அடித்தளம் எத்துணைச் சிமெண்டு கொட்டினும் உறுதியாகாது.

நான்காவது, அதில் யார் வாழ்வர்? பூட்டிய வீடு ஒன்றிருக்க, வாடகை வீடு தேடி ஒரு குடும்பம் அலைகின்றது. வாடகைக்கு விடுவதாயின் நம்மிடம் ஒரு காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளை நாம் கேட்கலாகாது. "என்ன ஆட்கள்? என்ன சாப்பிடுவீர்கள்?" என்னும் இரு கேள்விகளுக்கு விடை கூற இயலாமல், முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கியவர் நம்மில் எத்தனை பேர்! அக்கதவுகளை நாம் மறக்கவில்லை. அத்தகைய கதவொன்றுக்கு நாமே உரிமையாளராவது எவ்வளவு கீழ்மை!

ஐந்தாவது, உழைப்போர் அவ்விடத்துக்கு எவ்வழியே நுழைவர்? சில உயர்ந்த குடியிருப்புகளில் வேலைக்கு வரும் பெண்களுக்கும் சரக்குக்கும் ஒரு லிப்டு, குடியிருப்போருக்கு மற்றொரு லிப்டு. வேலைக்காரி பூங்காவின் பெஞ்சில் அமரலாகாது. வெளியேறும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். கிணற்றைப் பிரித்து வைத்த பழைய வழக்கம் மின்சாரம் பெற்று மேலேறியிருக்கின்றது, வேறென்ன? எந்த வழக்கத்தை விட்டு நாம் வெளியேறினோமோ, அதனையே மாதச் சந்தா கட்டி வாங்குவது எப்படிப் பொருந்தும்? ஒருகால் அத்தகைய இடத்தில் வாழ நேரின், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதனை எதிர்த்துப் பேசுவது உபாசகரின் கடமை. அதற்குத் துணிவில்லையெனின் அந்த உயரத்தில் நமக்கு என்ன வேலை?

இரண்டு வாரங்களுக்குப்பின் இருவரும் மீண்டும் வந்தனர். கட்டடத்தின் மாதிரி வீட்டைப் பார்த்து வந்திருந்தனர். பளபளக்கும் வரைபடத்தில் நீச்சற்குளமும், திரைப்பட அரங்கும், நாய்கள் ஓடி விளையாடத் தனித் திடலும் குறிக்கப்பட்டிருந்தனவாம். அம்மையார் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இங்கே வேலைக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்." அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். விரலை வைக்க இடம் கிடைக்கவில்லை.

"அப்பொழுது என் பாட்டனார் நினைவுக்கு வந்தார், ஐயா" என்றார் கணவர். "அவர் தோண்டிய தங்கத்தை வைத்து எத்தனையோ மாளிகைகள் எழுந்திருக்கும். எந்த வரைபடத்திலும் அவருக்கு இடம் இருந்திருக்காது." அவர் முன்பதிவு செய்யவில்லை. எனினும் வீட்டாசை விட்டுவிட்டதென்று சொல்லவும் இல்லை. தங்கவயலில் இன்னும் லைன் வீட்டில் இருக்கும் அத்தையாருக்கு மழை ஒழுகாத கூரை போட்டுத் தரவும், எஞ்சிய தொகையைக்கொண்டு பின்னொரு நாள் கடனின்றிச் சிறியதோர் இடம் வாங்கி, வெளியூரிலிருந்து படிக்க வரும் நம் பெண்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடவும் எண்ணியிருப்பதாகக் கூறினர். அதுவே ஒரே சரியான வழி என்று நாம் சொல்லமாட்டோம். பிறிதொரு குடும்பம் அதே ஐந்து கேள்விகளையும் கேட்டுவிட்டு, ஒரு நல்ல குடியிருப்பை நேர்மையாக வாங்கவும் கூடும், அதனையும் வாழ்த்துவோம். கேள்வி கேட்காமல் வாங்குவதே தவறு.

பகவான் ஞானம் பெற்ற பொழுதில், பிறவியென்னும் வீட்டை மீண்டும் மீண்டும் கட்டிய கொத்தனைக் கண்டுகொண்டதாகவும், இனி அவனால் கட்ட இயலாதெனவும் உணர்ந்தார் என்பது நம் மரபு. அக்கொத்தனின் பெயர் தண்ஹா, வேட்கை. கோரமங்கலாவிலும் சதாசிவ நகரிலும் மட்டுமன்று, அல்சூரின் இரண்டறை வீட்டிலும், தங்கவயலின் தகரக் கூரையின் கீழும் அவன் கட்டிக்கொண்டேயிருக்கின்றான். அவனை அறிந்து வாழ்பவருக்கு எந்த வீடும் இளைப்பாறும் இடமாகும். அறியாதவருக்கு 34ஆம் மாடியும் சுமையே. உறைவதற்கு ஒரு வீடு வேண்டும். அதனை ஒவ்வொரு குடும்பமும் பெறும்படி உழைப்போம். பெற்றபின், அவ்வீட்டில் எதை விட்டோம் என்று நம்மை நாமே நாள்தோறும் கேட்டுக்கொள்வோம்.